உளுந்துக்குள் ஒரு பிடி துவரை

வதந்தி என் கைபேசிக்கு வந்தபோது அதற்கு ஐம்பத்திரண்டு நொடி நீளம். விழுப்புரத்துப் பருப்பு வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ பேசிப் போட்ட குரல்பதிவு. நாலைந்து கை மாறி என்னிடம் வந்து சேர்ந்திருந்தது.

“திண்டிவனத்துல ஒரு மண்டியில உளுந்து சலிக்கிற பொம்பள. பேரு சவுரியம்மா. கருங்கல்ல உளுந்து சைசுக்கு ஒடச்சி, எண்ண தடவி மூட்டையில கலந்துர்றாளாம். கல்லு எவ்ளோ உள்ள போவுதோ அவ்ளோ உளுந்து அவ வூட்டுக்குப் போவுது. அந்தப் பக்கம் சரக்கு எடுக்கறவங்க உஷாரு.”

காலையில் இவ்வளவுதான். மத்தியானம் பேருந்து நிலையத்து டீக்கடையில் அந்த அம்மாவுக்கு மாடி வீடு கட்டிவிட்டார்கள். டீ மாஸ்டர் அதற்கு கிரானைட் தரை போட்டார். நான் இரண்டாவது டீ சொல்வதற்குள் அந்த அம்மாவின் மகனுக்கு வெளிநாட்டில் டாக்டர் சீட்டு கிடைத்துவிட்டது.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கருங்கல்லை உளுந்து அளவுக்கு உடைத்து, ஒவ்வொன்றாக எண்ணெய் தடவுகிற கூலி, திருடுகிற உளுந்தைவிட அதிகமாகப் போகும். இவ்வளவு பாடுபட்டுத் திருடுகிற ஒருவரை நேரில் பார்த்து ஒரு கும்பிடு போட வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் வண்டியேறினேன்.

காலை ஒன்பது மணிக்கு விழுப்புரம்–திண்டிவனம் பேருந்தில் நிற்பவர்களைப் பார்த்தால் நாடே ஒன்றாகிவிட்டது போலத்தான் தெரியும். கல்லூரிப் பெண், கீரைக்கட்டு, வட்டிக்கு விட்டவர், வாங்கியவர், இரண்டு எதிரெதிர்க் கட்சித் துண்டுகள், திருவக்கரை அம்மனுக்கு வேண்டிக்கொண்ட ஒரு குடும்பம், எல்லாம் ஒருவர் தோளில் ஒருவர். ஒரு மணி நேரம் நன்றாகக் குலுக்கிய பிறகு, இறங்கும்போது கவனிக்க வேண்டும். அவரவர் தெருவுக்கு அவரவர், ஒரு பொட்டுக்கூடக் குறையாமல், ஒரு பொட்டுக்கூட ஒட்டாமல்.

மண்டி முதலாளி தாண்டவராயன் மரியாதையான மனிதர். மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார்.

“நான் யாரு மேலயும் பழி போடல சார். நாப்பது மூட்ட உளுந்து வெழுப்புரத்துக்கு மில்லுக்கு அனுப்பிச்சேன். அதுல மூணு மூட்டையில கல்லுன்னு திருப்பிக் கொண்டாந்து எறக்கிட்டான், மில்லு சூப்பர்வைசரு அப்பாதுரை. ‘ஒங்க சலிக்கிற பொம்பள வேல இது’ன்றான். சவுரிம்மா இருவத்தாறு வருசமா இங்க சலிக்குது. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வருமா?”

“சொன்னீங்களா?”

“சொல்லிட்டேன். திங்கக்கெழம அப்பாதுரை வர்றாரு. பேசி முடிக்கிற வரிக்கும் வர வேணாம்மான்னு சொன்னேன்.”

“பேசி முடிச்ச பிறகு?”

அவர் மின்விசிறியைப் பார்த்தார். “பொறவு வேற ஆள பாக்கணும் சார். மில்லுக்காரன் சரக்கு எடுக்கலன்னா எனக்கு மண்டியே இல்ல.”

சந்தேகம் அந்த அம்மாவின் மேல் விழுந்ததற்கு அந்த மண்டியின் ஒரு பழக்கம் காரணம். உளுந்தைச் சலித்துப் புடைத்த பிறகு மிஞ்சுகிற நொறுங்கல், தோல், தூசி, கல் எல்லாவற்றையும் சேர்த்துத் ‘தூசு’ என்பார்கள். அது சலிக்கிறவருக்கு. கூலிக்கு மேல் அது ஒரு உரிமை. வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி சலித்தால் அதில் ஒரு நேர இட்லிக்கு உளுந்து தேறும், மாட்டுக்காரனுக்குத் தோல் தேறும். தூசு கூடினால் சலிக்கிறவருக்கு லாபம் என்பதால், கூட்டியது அவர்தான் என்று சொல்வது சுலபம்.

மண்டியின் பின்கட்டில் உளுந்துக் குவியலின் எதிரே கெங்கம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தார். சவுரியம்மாளோடு பத்தொன்பது வருடமாகச் சலிப்பவர். இரண்டு ஏக்கர் சொந்த நிலம், அதில் பாதி வருடம் தண்ணீர் இல்லை. ஆகவே இங்கே.

“பேப்பர்காரரா? அப்ப என் பேரு போடாதீங்க” என்றார் முதலிலேயே. பிறகு முறத்தை இரண்டு தட்டு தட்டினார். “சரி, போட்டா இனிஷியலோட போடுங்க. யக்கா எடுத்திருக்காதுன்னு எனக்குத் தெரியும் சார். ஆனா நான் வாயத் தெறந்தா, ‘அப்ப நீ எடுத்தியா’ம்பாங்க. சலிக்கிறது ரெண்டு பேரு தான?”

இந்த இரண்டு பேரைப் பற்றி மண்டியில் சொல்லாத ஒன்றை நானே பார்த்துக்கொண்டேன். சுவரில் இரண்டு ஆணி. ஒன்றில் கெங்கம்மாளின் சில்வர் டம்ளர் தொங்கியது. அதிலிருந்து நன்றாக இரண்டடி தள்ளி இன்னொரு ஆணியில் சவுரியம்மாளுடையது. ஒரே குவியல், ஒரே முறம், பத்தொன்பது வருடம். கெங்கம்மாள் வீட்டுக் கல்யாணத்துக்குச் சவுரியம்மாள் போனதுண்டு. மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் வந்ததும் உண்டு. இதைக் கேட்டால் இருவருமே, “அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், அவங்கவங்க டம்ளரு” என்றுதான் சொல்வார்கள். நான் கேட்கவில்லை.

சவுரியம்மாள் வீடு கிளியனூர்ப் பக்கம், புதுச்சேரி சாலையிலிருந்து உள்ளே நடக்க வேண்டும். மாடி இல்லை. அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு, கூரைக் கான்கிரீட்டில் கம்பி தெரிகிறது. வயது ஐம்பத்தாறு. தூசியில் இருந்து இருந்து ஒரு வறட்டு இருமல், முழங்காலில் ஒரு நீலத்துணி.

“டாக்டர் பையன் இல்லையாம்மா?” என்று கேட்டேன்.

“எந்த டாக்டரு?”

டீக்கடை கதையைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். நிதானமாக முழங்காலை நீட்டிக்கொண்டார்.

“பொண்ணு ஒருத்தி, மதுராந்தகத்துல குடுத்திருக்கு. அவ்ளோதான். டாக்டரு இருந்தா மொதல்ல இந்தக் கால பாக்கச் சொல்லியிருக்க மாட்டனா? வெழுப்புரத்துக்காரங்க நல்லவங்க சார். எனக்கு வூடும் கட்டிட்டாங்க, புள்ளையும் பெத்துட்டாங்க. வயித்து வலிகூட இல்ல.”

சாலையிலிருந்து வீட்டு வாசல் வரை ஒரு ஆள் அகலத்துக்கு ஒரு பாதை. மண்ணில்லை, எல்லாம் பொடிக்கல். மழைக்காலத்தில் சேறு ஆகாமல் இருக்க, தூசிலிருந்து பொறுக்கிய கல்லை இருபத்தாறு வருடமாக அங்கேதான் கொட்டி வருகிறார். உளுந்து அளவுக் கற்கள் ஒரு பாதை ஆகிறவரை ஒருவர் உட்கார்ந்து பொறுக்கியிருக்கிறார் என்று யோசித்தால் நமக்கே முதுகு வலிக்கும்.

ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் பரப்பினார்.

“இந்தச் செவப்பு திருவக்கரை பக்கத்துக் களத்துது. இது மரக்காணம் பக்கம், பாருங்க, கிளிஞ்சத் தூளு ஒட்டிக்கினு இருக்குது. தாரு புடிச்சது எந்த ஊர்னு சொல்ல முடியாது, எல்லாரும்தான் உளுந்துச் செடிய ரோட்டுல கொட்டி, காரு லாரிய வுட்டுத் தாம்படிக்கிறாங்க.”

“பார்த்ததும் தெரியுமா?”

“இதுல இன்னா சார் இருக்குது? எத்தினி மூட்டையில எத்தினி நாளு கலந்து கெடந்தாலும் செவப்பு செவப்பாதான் கெடக்கும், கிளிஞ்ச கிளிஞ்சலாதான் கெடக்கும். உளுந்து கல்லாவாது, கல்லு உளுந்தாவாது. சோறாக்கிட்டா வேற. அது திரும்பி அரிசியாவாது. இது சும்மா கலந்துதான கெடக்குது? பிரிச்சிடலாம். பொறும வேணும். எனக்கு அதுதான் தீந்துக்கினே வருது.”

ஆறாம் வகுப்பு அறிவியலில் இது ஒரு முழுப் பாடம், கேள்வி பதிலோடு. சவுரியம்மாள் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர்.

“அந்த மூணு மூட்டையைப் பிரித்துப் பார்த்தாங்களா?”

“யாரு பாக்கறது? மூட்டைய அவுக்கல சார். வாய மட்டும் அவுத்துட்டாங்க.” இருமல் அடங்கும் வரை காத்திருந்தார். “பக்கத்து மண்டியில கேட்டேன். ‘போனுல உம் பேரு வந்துச்சே’ன்றான். இனிமேட்டு இந்த டவுன்ல எவன் என்னை ஒரு மூட்ட தொட வுடுவான்? கழனி வேலைக்கு இந்தக் கால் போவாது. சலிக்கறது ஒண்ணுதான் ஒக்காந்து பண்ற வேல.”

திங்கட்கிழமை நானும் போனேன். அப்பாதுரை பைக்கில் வந்து இறங்கினார். நாற்பது வயது, சட்டைப்பையில் இரண்டு பேனா. பேசி முடிக்க வந்தவர், முதலாளியின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்போதுதான் சவுரியம்மாள் உள்ளே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. கையில் சொந்தச் சல்லடை, இடுப்பில் ஒரு சுருக்குப்பை.

“மொதலாளி, பேசறதுக்கு முன்ன அந்த மூட்டைய அவுருங்க. பாத்துடலாம்.”

“என்னம்மா பாக்கப் போற?” என்றார் அப்பாதுரை. “கல்லு கல்லுதான். ஜல்தி பேசி முடிங்க சார், எனக்கு மில்லுல லோடு வருது.”

“கல்லு கல்லுதான். அத்தத்தான் பாக்கணும்.”

தாண்டவராயன் மூட்டை தூக்குகிறவரைக் கூப்பிட்டார். அவிழ்க்கச் சொன்னார். இருபத்தாறு வருடத்துக்கு அவர் செலுத்திய மரியாதை அது.

பெரிய வித்தை நடக்கப்போகிறது என்று நினைத்து மூட்டை தூக்குகிறவர்கள் சுற்றி நின்றார்கள். அரைமணியில் பாதிப் பேர் போய்விட்டார்கள். சலிப்பதைப் போலச் சலிப்பான காட்சி உலகத்தில் இல்லை. சல்லடையில் மண் கீழே போனது. முறத்தில் புடைத்ததில் தோல் பறந்தது. பிறகு சுருக்குப்பையிலிருந்து பழைய ஸ்பீக்கரில் கழற்றிய ஒரு காந்தத்தை எடுத்து, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, உளுந்தின் மேல் தடவினார். சரக்கு வருகிற லாரிகளிலிருந்து உளுந்தில் விழும் ஆணிகளை எடுக்க அவர் வைத்திருப்பது. பையின் மேல் செந்நிறத்தில் துருச் செதில்கள் மீசை போல ஒட்டிக்கொண்டு வந்தன. காந்தத்தைப் பையிலிருந்து உருவினார். அத்தனையும் உதிர்ந்து காகிதத்தில் விழுந்தது.

“நம்ம மண்டியில இரும்பு இன்னா இருக்குது மொதலாளி? தராசு. அது துரு வுடல.”

“லாரி இரும்பா இருக்கும்” என்றார் அப்பாதுரை.

“தார்ப்பாய் விரிச்சிதான ஏத்தனோம்?” என்றார் தாண்டவராயன். முதல்முறையாக நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு கொழித்தார். முறத்தைப் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டினால் கனமானது ஒரு பக்கம் ஒதுங்கும். உளுந்து இந்தப் பக்கம், கல் அந்தப் பக்கம். ஒன்றின் கனம் ஒன்றுக்கு வராது என்பதால்தான் முறம் என்று ஒரு பொருள் இருக்கிறது. ஒதுங்கிய கற்களில் ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு தோல் உரிந்தது.

“சிமெண்டு. தளம் போடற சிப்சு ஜல்லி இது.”

மண்டித் தரை கருங்கல் பாவியது, தாண்டவராயனின் அப்பா காலத்தது. எல்லாரும் ஒருமுறை தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டோம்.

அப்பாதுரை கைபேசியை எடுத்துக் காதில் வைத்தார். அது அடிக்கவே இல்லை.

அதுவரை தன் குவியலை விட்டு நிமிராத கெங்கம்மாள், பறந்து விழுந்த தோலை விரலால் கிளறிக்கொண்டிருந்தார். எதையோ எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். துப்பினார்.

“யக்கா, துவர.”

“இன்னாது?”

“துவரக்கா. செம்மண்ணு பூசின துவர. பாரு, இதோ, இதோ.”

அந்த மண்டிக்குத் துவரை வந்ததே இல்லை. உளுந்தும், மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் மட்டும். துவரைக்குச் செம்மண் பூசிக் காயவைத்து உடைப்பது மில்லில் மட்டும் நடக்கிற வேலை. ஒரு மூட்டை உளுந்துக்குள் ஒளிந்து, லாரியேறி, திண்டிவனம் வரை வந்தும் அது தன் செம்மண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

பத்தொன்பது வருடத்தில் கெங்கம்மாள் அந்த அம்மாவுக்காகச் சொன்ன முதல் சாட்சி அது. சொல்லிவிட்டு, தன் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்து, அதே ஆணியில் மாட்டினார்.

அப்பாதுரை என்னைப் பார்க்காமல், தாண்டவராயனைப் பார்க்காமல், சல்லடையைப் பார்த்துப் பேசினார். “மில்லுல புதுசா தளம் போட்டுக்கினு இருந்தாங்க. கம்பியும் ஜல்லியுமா கெடந்து எடம் இல்ல. மூட்ட அட்டிய ஓரமா அடுக்கிப் போட்டோம், சாஞ்சி மூணு மூட்ட வாய் பிரிஞ்சி ஜல்லி மேல கொட்டிடிச்சி. கூட்டி அள்ளிட்டோம். எங்க மொதலாளி கேட்டா இன்னான்னு சொல்றது? பதினோரு வருசம் சர்வீசு சார். ஒரே வார்த்தையில போன்னுடுவாரு.”

ஆக, குரல்பதிவுக்குப் பின்னால் இருந்தது ஒரு துடைப்பம். அவர் வேலை போகாமல் இருக்க இன்னொருவர் வேலை போக வேண்டியிருந்தது. கையில் கிடைத்த பெயரைச் சொல்லியிருக்கிறார். அவரைத் திட்டலாம் என்று பார்த்தேன். அவர் கண்ணிலும் சவுரியம்மாள் கண்ணில் இருந்த அதே அசதி.

“போனுல பேசினது நீங்களா?” என்று சவுரியம்மாள் கேட்டார்.

“நான் ரெண்டு பேருகிட்ட சொன்னேம்மா. எவன் போட்டான்னு தெரியல. எண்ணெயெல்லாம் நான் சொல்லல.”

“அதுல சொல்லிடுங்க, எம் பேருல தப்பில்லன்னு.”

“சொல்லிர்றேம்மா.” மூன்றுமுறை சொன்னார். பைக் கிளம்பிவிட்டது.

தாண்டவராயன் தொண்டையைச் செருமினார். “சரி சவுரிம்மா. மிச்சம் ரெண்டு மூட்டையும் நீயே சலிச்சிடு. நாளையில இருந்து எப்பவும் போல வா.” வருத்தம் தெரிவிக்கிற மாதிரி ஏதோ வாய்வரை வந்தது. அதற்குள் யாரோ எடை போடக் கூப்பிட்டார்கள்.

சவுரியம்மாள் மிச்ச மூட்டைகளை முடிக்க வெயில் சாய்ந்தது. கடைசியில் தூசைச் சாக்கில் கட்டிக்கொண்டார், பழக்கப்படி. ஆனால் துவரையை மட்டும் ஒன்று விடாமல் பொறுக்கி, பால் கவரில் போட்டு முடிச்சுப் போட்டார். ஒரு பிடி இருக்கும். என்னிடம் நீட்டினார்.

“நீங்க வெழுப்புரம்தான போறீங்க? அப்பாதுரைகிட்ட குடுத்துடுங்க.”

“ஒரு பிடி துவரையம்மா. தூசோடு உங்களுக்குத்தானே?”

“தூசு எனக்கு. துவர தூசு இல்ல சார், அவங்க சரக்கு. நான் எடுத்துக்கினு போனா, நாளைக்கி அதுக்கு ஒரு போனு வரும். அதுவும் அப்ப உண்மையா இருக்கும்.”

கெங்கம்மாள் சிரித்தார். “யக்கா பேஜாரு புடிச்சது சார். குடுத்தா வாங்கிக்குங்க, இல்லன்னா பஸ்ஸு வரிக்கும் பின்னாடி வரும்.”

வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரமே மில்லுக்குப் போனேன். புதுத்தளம் பளபளவென்றிருந்தது. அப்பாதுரையின் பக்கத்தில் அவர் முதலாளி நின்றிருந்தார். என்னைப் பார்த்து அப்பாதுரை, “யாரு சார் நீங்க?” என்றார். இரண்டாம் முறை அவர் மட்டும் இருந்தார். கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, “எங்க மில்லு துவர இல்ல சார் இது, எங்களுது பருவெட்டா இருக்கும்” என்று அடித்துச் சொன்னார். மூன்றாம் முறை டீ வாங்கிக் கொடுத்தார். கெஞ்சுகிற குரலில், “நான் வாங்கிட்டா எங்கிருந்து வந்துச்சின்னு ஸ்டாக்குல கேப்பாங்க சார், வுட்டுடுங்களேன்” என்றார். கவரை அவரே என் பைக்குள் திணித்தார். வாட்ஸ்அப் குழுவில் அவர் ஒன்றும் போடவில்லை.

பேருந்து நிலையத்து டீக்கடையில் கதை வளர்ந்துவிட்டது. இப்போது அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு கல்லைத் தொட்டால் ஊர்ப் பெயரைச் சொல்லுமாம். “பின்ன, கலந்தது அதுதான, அதுக்குத் தெரியாதா?” என்கிறார் டீ மாஸ்டர். நடந்ததும் நடக்காததும் ஒரே டம்ளரில் இருக்கின்றன. பிரித்துக் காட்டலாம்தான். நாலு டீ ஆகும், அதற்குள் பேருந்து வந்துவிடுகிறது.

சவுரியம்மாள் பழையபடி வேலைக்குப் போகிறார். வாரம் ஒருமுறை கெங்கம்மாளின் போனிலிருந்து கூப்பிடுகிறார். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

“குடுத்துட்டீங்களா சார்?”

“இன்னும் இல்லம்மா. வாங்க மாட்டேங்கறாரு.”

அந்தப் பக்கம் சல்லடை ஆடுகிற சத்தம் கேட்கிறது.

“சரி. எடுத்து ஒரு வெயில்ல காய வெச்சி வெயிங்க. வண்டு வெச்சிடும். அவங்க பொருளு.”